தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் நாய்க்குட்டி கெட்டுப்போகுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தெருவிலிருந்து எடுத்து வந்த பெண் நாட்டுக்குட்டி, மூன்று மாதம், எடை 4 கிலோ. கடையில் வாங்கிய ட்ரீட், அதாவது நாய்த் தின்பண்டம், கொடுத்த மறுநாள் இளக்கமாகப் போனதால் வீட்டிலேயே செய்து கொடுக்க நினைக்கிறீர்கள். வீட்டில் முட்டை வரைக்கும் பரவாயில்லை, கறி சமைப்பதில்லை. என்ன செய்து கொடுக்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், "திங்க எதையாவது காட்டிக் காட்டிப் பழக்கினால் நாளைக்கு வெறுங்கையை மதிக்காது என்று மாமியார் சொல்கிறார்" என்று, அதுதான் உங்களை உண்மையில் உறுத்துகிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதை முதலில் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவோம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரையில் 16 வருடமாக வீட்டு நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் கிடையாது. பழக்குவதைப் பற்றி எழுதுவது என் கை பார்த்தது. சாப்பாடு, நஞ்சு பற்றி எழுதுவது மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது. குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் என் பேச்சைவிட அவர்கள் பேச்சுதான் பெரிது.

உங்கள் மாமியார் சொல்வது, காட்டிப் பழக்கினால் அப்படியே நடக்கும். கொடுத்துப் பழக்கினால் நடக்காது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தின்பண்டத் துண்டை முன்னால் நீட்டி "உட்காரு, உட்காரு" என்று கெஞ்சினால், உட்காருவதற்கான அடையாளமே அந்தத் துண்டு என்று குட்டி கற்றுக்கொள்கிறது. துண்டு இல்லையா, அடையாளமும் இல்லை. குட்டி தானாக உட்கார்ந்த பிறகு, எங்கிருந்தோ ஒரு துண்டு வந்து சேர்ந்தால், "உட்கார்ந்தால் நல்லது நடக்கிறது" என்று கற்றுக்கொள்கிறது. 1898-லேயே எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளைக் கூண்டுகளில் விட்டு இதைக் கவனித்தார். எந்தச் செயலுக்குப் பின்னால் இன்பமான விளைவு வருகிறதோ அந்தச் செயல் மறுபடி மறுபடி வரும். நாய் பழக்குவதில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். விளைவு செயலுக்குப் பின்னால்தான் வரவேண்டும்.

உட்காருவதையே எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்தாறு தடவை கையில் துண்டு இருக்கலாம், தப்பில்லை. குட்டியின் மூக்குக்கு நேராக வைத்து, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்பகுதி தானாகத் தரையில் படியும். படிந்த அந்த நொடியில் "ஆங்!" என்று ஒரே மாதிரி, ஒரே சுருதியில் சொல்லுங்கள், உடனே துண்டு வாய்க்குப் போகட்டும். ஏழாவது தடவையிலிருந்து கை வெறுங்கை. அதே அசைவு, ஆனால் விரலுக்குள் ஒன்றுமில்லை. உட்கார்ந்ததும் "ஆங்!", பிறகு இன்னொரு கையால் இடுப்புப் பையிலிருந்தோ ஜன்னல் திண்டில் இருக்கும் டப்பாவிலிருந்தோ எடுத்துக் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இந்த ஏழாவது தடவையில்தான். கையில் வைத்திருந்தால் சுலபமாக வருகிறதே என்று இரண்டு மாதம் கையிலேயே வைத்திருப்பார்கள். அப்புறம் மாமியார் சொன்னது பலித்துவிடும்.

"உட்காரு" என்ற வார்த்தையை வெறுங்கை அசைவுக்குத் தவறாமல் உட்காரத் தொடங்கிய பிறகு சேர்த்தால் போதும். வார்த்தை முதலில், அரை நொடி விட்டுக் கை அசைவு. ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். நான்கு தடவை சொல்லி ஐந்தாவதில் உட்கார்ந்தால், "உட்காரு உட்காரு உட்காரு" என்பதுதான் கட்டளையின் முழுப்பெயர் என்று அது நினைத்துக்கொள்ளும். ஒரு அமர்வு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. தூங்கி எழுந்து வெளிக்குப் போய்வந்த பிறகு, சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, நல்ல நேரம். குட்டி தரையை முகர ஆரம்பித்தால், கொட்டாவி விட்டால், போதும் என்று அர்த்தம்.

அந்த "ஆங்!" எதற்கென்றால், துண்டு வாய்க்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நொடி ஆகும். அதற்குள் குட்டி எழுந்துவிடும், குரைக்கும், வாலைத் திரும்பிப் பார்க்கும். சரியான நொடியைப் படம் பிடித்துக் காட்ட ஒரு ஒலி வேண்டும். க்ளிக்கர் என்று ஒரு சின்ன பொத்தான் கருவி விற்கிறார்கள், அதுவும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒரு கையில் குட்டி, ஒரு கையில் டப்பா என்று நிற்கும் வீட்டுக்காரர்களுக்கு வாய்தான் வசதி என்பது என் அபிப்பிராயம்.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்று. ஒரு வீட்டில் லாப்ரடார் குட்டி. தோட்டத்தில் சிறுநீர் போனால் துண்டு கொடுக்கச் சொல்லியிருந்தேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்கள்: "வெளியே கூட்டிப்போனால் சொட்டு விட்டுட்டு உள்ளே ஓடி வந்துடுது, மீதியை ஹாலில்தான் போகுது." போய் நின்று பார்த்தேன். குட்டி வெளியே போகும். அந்த அம்மா "சமத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே கூட்டி வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, துண்டைக் கொடுப்பார். குட்டியின் கணக்கில் துண்டு கிடைத்தது வீட்டுக்குள் ஓடிவந்ததற்கு. சீக்கிரம் ஓடி வந்தால் சீக்கிரம் கிடைக்கும். அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. செய்த மாற்றம் இவ்வளவுதான்: துண்டு ஒரு சின்ன டப்பாவில் அந்த அம்மாவின் கையோடு தோட்டத்துக்குப் போனது, குட்டி முழுதாக முடித்து நிமிர்ந்த இடத்திலேயே கொடுக்கப்பட்டது. ஒரு வாரத்தில் சரியானது.

இப்போது அளவு. இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் சறுக்குவார்கள். 4 கிலோ எடையுள்ள மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி தேவைப்படும் என்று மருத்துவர்கள் போடும் கணக்கு சொல்கிறது. குட்டிக்குக் குட்டி கொஞ்சம் கூடும், குறையும். ட்ரீட் எல்லாம் சேர்த்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதாவது 60 கலோரி. ஒரு கோழிமுட்டையே சுமார் 70 கலோரி. முழு நாள் பயிற்சிக்கும் சேர்த்து ஒரு முட்டைகூடப் போகக்கூடாது! பத்தில் ஒரு பங்கு என்பது பருமனைத் தடுக்க மட்டும் சொன்னதில்லை. வளர்கிற எலும்புக்கு வேண்டிய சத்தெல்லாம் சரியான விகிதத்தில் அதன் முதன்மைச் சாப்பாட்டில்தான் இருக்கும். அதைத் தள்ளிவிட்டு ட்ரீட் உள்ளே வரக்கூடாது.

ஆகவே துண்டு மிளகு அளவு, மிஞ்சினால் கொண்டைக்கடலையில் பாதி. குட்டிக்குத் துண்டின் பருமன் முக்கியமில்லை, எத்தனை தடவை கிடைத்தது என்பதுதான் மகிழ்ச்சி. அரை கிராம் துண்டாக வெட்டினால் முக்கால் முட்டையில் எழுபது எண்பது துண்டு வரும். ஒரு நாள் பயிற்சிக்கு அது தாராளம். நம் ஊரில் எல்லோரும் கொடுக்கும் குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராமுக்கு ஏறக்குறைய 450 கலோரி, பெரும்பங்கு மைதாவும் சர்க்கரையும். மூன்று பிஸ்கட்டில் அந்த நாளின் கணக்கு தீர்ந்துபோகும்.

சரி, அடுப்படி. நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இட்லித்தட்டு முட்டை. இரண்டு முட்டையை உப்பு, மிளகு எதுவும் போடாமல் நன்றாக அடித்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிய இட்லிக்குழிகளில் அரைக்குழி அளவு ஊற்றி, பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள். உப்பி எழுந்து, ஆறினதும் அமுங்கி, பஞ்சு மாதிரி ஒரு வட்டு கிடைக்கும். அதைக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன சதுரமாக வெட்டினால் உதிராது, கையில் பிசுபிசுக்காது, சட்டைப்பையில் சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். அவித்த முட்டையை வெட்டினால் மஞ்சள் கரு பொடியாகக் கொட்டும். குட்டி பொடியைத் தேடி தரையை நக்கிக்கொண்டிருக்கும், பாடம் நின்றுபோகும். இந்த வட்டு ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். மீதியை ஃப்ரீசரில் போட்டு, தேவைப்படும்போது எடுங்கள்.

முட்டைக்கு அடுத்தது வீட்டுப் பனீர். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்து, துணியில் வடிகட்டி, மேலே ஆட்டுக்கல் குழவியோ அதுமாதிரி கனமானதோ வைத்து அழுத்துங்கள். குட்டிகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது அதிலுள்ள பால் சர்க்கரையால். அது பெரும்பாலும் வடிந்த நீரோடு போய்விடும். ஆனால் கொழுப்பு அப்படியே இருக்கும். 20 கிராம் பனீரே அன்றைய பங்கு. வாசனைக்காக உயிரை விடும் குட்டிகள் உண்டு என்பதால் கடினமான பாடத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண நாட்களுக்கு வேகவைத்த சர்க்கரைவள்ளி, வேகவைத்த பரங்கிக்காய், பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், விதையும் நடுப்பகுதியும் எடுத்த ஆப்பிள் எல்லாம் நல்லது. பச்சைக் காரட்டைப் பொடியாக நறுக்குங்கள், வட்டமாக வெட்டினால் தொண்டையில் சிக்கும். மொறுமொறுப்பாக வேண்டும் என்றால் ஒரு கப் கேழ்வரகு மாவு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் அரை கப், ஒரு முட்டை சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தட்டி, சின்னக் கட்டமாகக் கீறி, தோசைக்கல்லில் சின்னத் தீயில் இரண்டு பக்கமும் ஈரம் போகும்வரை வாட்டுங்கள். தானியம் நாய்க்கு ஆகாது என்று சிலர் சொல்வார்கள். 2013-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்கு அதிகப் பிரதிகளாக இருப்பதைக் காட்டியது. மனிதரோடு வாழ்ந்து நம் சோற்றுக்குப் பழகிய உடம்பு அது. மற்றபடி மிகச் சுலபமான ட்ரீட் எது தெரியுமா? காலைச் சாப்பாட்டிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வைத்து, அதையே பாடத்துக்குக் கொடுப்பது. பசியோடு இருக்கும் குட்டிக்கு வீட்டுக்குள் அதுவே போதும்.

சேர்க்கக் கூடாதவற்றில் நான் விட்டுக்கொடுக்காதவை சில. வெங்காயம், பூண்டு எந்த வடிவிலும் வேண்டாம். அவை நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெங்காயத்தில் ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராமே ஆபத்து என்கிறார்கள், உங்கள் குட்டிக்கு அது ஒரு நடுத்தர வெங்காயம். விளைவு சில நாள் கழித்துத் தெரிவதால் எதனால் என்றே புரியாமல் போகும். சாம்பார், குழம்பு, ரசம் பிசைந்த சோறு இதனாலேயே கூடாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது, சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும். பாயசம், கேசரி, சர்க்கரைப்பொங்கல் செய்யும் நாட்களில் கீழே விழுவதைக் கவனியுங்கள். சாக்லேட் கூடாது. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சர்க்கரையில்லாச் சூயிங்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையை சடாரென்று இறக்கிவிடும். வேர்க்கடலை கொடுப்பதென்றால் உப்பில்லாமல் வீட்டில் வறுத்து அரைத்தது மட்டும். பூஞ்சை பிடித்த கடலை நாயின் ஈரலுக்கு விஷம். அப்புறம் ஒன்று: குழந்தைக்கு வயிறு போனால் ஜாதிக்காய் உரசிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாய்க்கு அந்தக் கைவைத்தியம் வேண்டாம், ஜாதிக்காய் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

அந்த இளக்கத்தைப் பற்றி. ட்ரீட்டால்தான் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. திடீரென்று புது உணவு எதைக் கொடுத்தாலும் குட்டிக்கு வயிறு இளகும். வீட்டில் செய்ததும் இதற்கு விலக்கில்லை. அதனால் ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள், மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்தது. தெருவிலிருந்து வந்த குட்டி என்பதால் குடற்பூச்சி மருந்து எப்போது கொடுத்தது என்றும் பாருங்கள். இளக்கத்தோடு வாந்தி, ரத்தம், சாப்பிடாமல் சுருண்டு படுப்பது இருந்தால் குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸாக இருக்கலாம். அப்போது நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டிகள் அதில் இரண்டொரு நாளிலேயே போய்விடக்கூடும்.

இனி, எனக்கே முழு உறுதி இல்லாதவை. பழகிய பிறகு ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டுமா, விட்டுவிட்டுக் கொடுப்பதா என்பதில் பயிற்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் வீட்டுக்குள் நன்றாக வரும் பாடத்துக்கு மெல்லக் குறைத்து, பாதித் தடவை வாய்ப்பாராட்டும் கழுத்துச் சொறிதலுமாக மாற்றுவேன். ஆனால் "வா" என்றால் ஓடி வருவதற்கு மட்டும் பெரிய நாயான பிறகும் கொடுத்துக்கொண்டே இருப்பேன். வண்டி வரும் தெருவில் அதன் உயிர் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. "வா" என்று கூப்பிட்டுத் திட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், கட்டிப்போடாதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். ட்ரீட்டில் சிட்டிகை மஞ்சள் போட்டால் நல்லது என்கிறார்கள். அவ்வளவு கொஞ்சத்தில் கெடுதல் பார்த்ததில்லை, பலனும் பார்த்ததில்லை. என் முதல் சில வருடங்களில் பேப்பரைச் சுருட்டி அடித்தும் பழக்கியிருக்கிறேன். அதுவும் "வேலை செய்தது". ஆனால் அந்த நாய்கள் என் கை உயர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டன. அதை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதற்குத்தான் அவசரம். குட்டியின் மனசு புதியதைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு பதினான்கு வாரம் வரைதான். உங்கள் குட்டிக்கு அது முடியப்போகிறது. உட்காருவதை ஆறு மாதத்திலும் சொல்லிக்கொடுக்கலாம், இது அப்போது இவ்வளவு சுலபமாக வராது. தடுப்பூசி வரிசை முடியும்வரை தெருவில் இறக்காமல், மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருங்கள். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றிய தாத்தா, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள், ஆட்டோ. ஒவ்வொன்று தென்பட்டதும் ஒரு துண்டு. இங்கே அது எதையும் செய்ய வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். பயந்தால் துண்டு கொடுக்காதே, பயம் வளரும் என்று சிலர் சொல்வார்கள். பயம் என்பது அது வேண்டுமென்று செய்யும் செயல் இல்லை, உள்ளுக்குள் எழுவது. தின்னக் கொடுத்து அதை யாரும் வளர்த்துவிட முடியாது. தின்ன மறுத்தால் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போங்கள், அந்தத் தூரம் அதற்கு ரொம்பக் கிட்டே என்று பொருள். அடுத்த ஊசிக்குப் போகும்போதும் டப்பாவைக் கையோடு கொண்டுபோய், மேசைமேல் நிற்கும்போது மருத்துவரையே இரண்டு துண்டு கொடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுச் சத்தங்களுக்கும் இதே முறைதான். நாளைக்குச் சட்னி அரைக்கும்போது குட்டியைக் கூடத்தில் உட்காரவைத்துக்கொண்டு, உங்கள் மாமியாரை மிக்சியைப் போடச் சொல்லுங்கள். மிக்சி ஓட ஆரம்பித்த பிறகு முதல் துண்டு, ஓடுகிறவரை ஒவ்வொன்றாக. மிக்சி நின்றதும் துண்டும் நிற்கட்டும். நாலைந்து நாளில் மிக்சி சத்தம் கேட்டால் குட்டி அடுப்படியைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கும். அன்றைக்கு டப்பாவை மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள்.